காலையில் ஒரு கோளாறு, மாலையில் இன்னொன்று: ஈஸ்ட் ஹாம் வீட்டு காம்பி பாய்லர்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வரிசை வீடு. மாடியில் மூன்று படுக்கையறையும் ஒரு குளியலறையும். கீழே சமையலறை, அதற்குப் பின்னால், வயதான தாயார் மாடி ஏறி இறங்க வேண்டாம் என்று கட்டிச் சேர்த்த சிறிய கழிப்பறை. சமையலறை அலமாரிக்குள் 24 கிலோவாட் காம்பி பாய்லர்; ரேடியேட்டர்களையும் குழாயில் வரும் வெந்நீரையும் ஒன்றே சூடாக்கும் வகை. போட்டுப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. வீட்டில் கணவன், மனைவி, கணவனின் தாயார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

புகார் ஒரே வரிதான்: சுடுதண்ணீர் சரியாக வருவதில்லை. பாய்லர் பழுது பார்க்கும் எனக்கு முன்பே இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். முதலில் வந்தவர் வெந்நீரின் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றினார். அடுத்தவர் பிரஷரை ஏற்றிவிட்டு, பாய்லருக்கு வயதாகிவிட்டது, புதிது போடுங்கள் என்று விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டுக்கும் பிறகு அதே கதைதான். புதிய பாய்லருக்குக் கையெழுத்துப் போடும்முன் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணை, சில நேரம் வருது, சில நேரம் வரேல்லை" என்றார் வீட்டுக்காரர். இதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் நகர முடியாது. மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தம்பி, காலமை சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியுமா மாறி மாறி வருது. பின்னேரத்திலை அப்பிடி இல்லை. எவ்வளவு நேரம் திறந்து விட்டாலும் ஒரே வெதுவெதுப்புத்தான்."

"எல்லாம் ஒண்டுதான் அம்மா" என்றார் மகன்.

ஒன்றல்ல. சூடு ஏறி இறங்குகிறது என்றால் பாய்லருக்குள் எரிவாயு எரியும் பர்னர் எரிந்து, அணைந்து, மறுபடி எரிகிறது என்று பொருள். அது பாய்லருக்குள் தேட வேண்டிய கோளாறு. ஆடாமல் அசையாமல் ஒரே இளஞ்சூடாக வருகிறது என்றால் பர்னர் ஒழுங்காக எரிகிறது. ஆனால் சூடு போதவில்லை, அல்லது போதுமான சூட்டோடு கிளம்பிய தண்ணீரில் வழியில் எங்கோ பச்சைத்தண்ணீர் கலக்கிறது. முன்பு வந்த இருவரும் பகலில் வந்து, ஒரு குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரே கோளாறைத் தேடியிருக்கிறார்கள். அந்த அம்மா சொன்னது இரண்டு கோளாறு. நான் அதையே நம்பித் தொடங்கினேன்.

காம்பி பாய்லரின் உள்ளே

உள்ளே இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று, ரேடியேட்டர்களில் சுற்றும் மூடிய தண்ணீர். அது வெளியே வராது. பம்ப் அதைச் சுற்றவைக்கும், பர்னர் அதைச் சூடாக்கும். மற்றது, தெருக் குழாயிலிருந்து வந்து நம் கைக்கு வரும் நல்ல தண்ணீர். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. சந்திக்கும் இடம் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் எனப்படும் உள்ளங்கையளவு எஃகுக் கட்டி. மெல்லிய தகடுகளை அடுக்கிச் செம்பால் ஒட்டியிருப்பார்கள். ஓர் இடைவெளியில் சூடான தண்ணீர், அடுத்ததில் நல்ல தண்ணீர் என்று மாறி மாறி ஓடும். சூடு மட்டும் தகட்டைத் தாண்டும்.

வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் ஃப்ளோ சென்சாரில் உள்ள சிறு சக்கரம் சுழலும். நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டருக்குக் குறைவாக ஓடினால் பெரும்பாலான பாய்லர்கள் பற்றவே பற்றாது. போதுமான ஓட்டம் வந்ததும் டைவர்ட்டர் வால்வு, ரேடியேட்டர்களுக்குப் போகும் வழியை அடைத்து, சூடான தண்ணீர் முழுவதையும் பிளேட் பக்கம் திருப்பும். பர்னர் பற்றும். வெளியேறும் வெந்நீரின் சூட்டைச் சென்சார் அளக்க, அதற்கேற்ப பர்னர் தீயைக் கூட்டும், குறைக்கும். தொட்டியில் சேமித்து வைப்பது கிடையாது. ஓடும்போது சூடாக்குவதுதான்.

சேமிப்பு இல்லை என்பதால் ஒரு கணக்கு வருகிறது. பாய்லரின் கிலோவாட்டை 14.3 ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதால் வகுத்தால், தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறும் என்று கிடைக்கும். 24 கிலோவாட்டும் 10 லிட்டரும் என்றால் 34 டிகிரி. கோடையில் 18 டிகிரியில் உள்ளே வரும் தண்ணீர் 52 ஆக வெளியே வரும். ஜனவரியில் 7 டிகிரியில் வந்தால் 41 தான். "சமருக்கு நல்லா இருந்தது, விண்டரிலை கெட்டுப் போச்சு" என்று வரும் அழைப்புகளில் பாதிக்கு இதுதான் பதில். குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திறந்தால் சூடு ஏறிவிடும். எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை. ஆகவே வெந்நீர்ப் புகார் என்றால் நான் முதலில் பையிலிருந்து எடுப்பது அளவுக் குவளையும் வெப்பமானியும். ஸ்க்ரூடிரைவருக்கு அப்புறம்தான் வேலை.

காலைக் கோளாறு

நான் போனது ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. ரேடியேட்டர்களில் சுற்றும் அந்த உள்சுற்றின் பிரஷர் மீட்டர் 1.3 பாரில் நின்றது. குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 வரை இருந்தால் போதும். இதைச் சொல்லக் காரணம், வெந்நீர் வரவில்லை என்றதும் பலரும் செய்யும் முதல் வேலை பிரஷரை ஏற்றுவது. பிரஷர் அடியோடு இறங்கி பாய்லர் பூட்டிக்கொண்டால் ஒழிய, அதற்கும் வெந்நீரின் சூட்டுக்கும் தொடர்பில்லை. மேலும் மேலும் ஏற்றினால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே துப்பும்; அது இன்னொரு தலைவலி.

அடுத்தது டைவர்ட்டர் வால்வு. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்துவிட்டு, பாய்லருக்கு அடியில் ரேடியேட்டருக்குப் போகும் பைப்பில் கை வைத்தேன். பைப் சில்லென்றே இருந்தது. வால்வு சரியாக மூடாவிட்டால் அது சுடும். கோடையில் பாத்திரம் கழுவும்போது ரேடியேட்டரும் சூடாகிறது என்று யாராவது சொன்னால் சந்தேகம் நேரே இந்த வால்வின் மேல்தான். இங்கே அது குற்றமற்றது.

புதிதாக மாற்றியிருந்த சென்சாரையும் அளந்தேன். இந்த வகைச் சென்சார்களில் பெரும்பாலானவை 25 டிகிரியில் 10,000 ஓம் மின்தடை காட்டும். சூடு ஏற ஏற எண் இறங்கி, 50 டிகிரியில் சுமார் 3,600 ஆகும். இது ஒழுங்காக இறங்கியது. சென்சார் பொய் சொல்லவில்லை. வெந்நீரின் சூடுதான் உண்மையிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் குவளை. சமையலறைப் பச்சைத்தண்ணீர்க் குழாய் நிமிடத்துக்கு 13 லிட்டர் கொடுத்தது. வெந்நீர்க் குழாயை முழுக்கத் திறந்தும் 7 தான். வெந்நீர் பாய்லரைச் சுற்றிக்கொண்டு வருவதால் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தால் வழியில் அடைப்பு இருக்கிறது.

வெப்பமானியைக் குழாயடியில் பிடித்தேன். 46 வரை ஏறியது, நின்றது, சரசரவென்று 22 வரை இறங்கியது, மறுபடி ஏறியது. அதே நேரம் பாய்லர் திரையில், உள்சுற்றுத் தண்ணீர் பிளேட்டுக்குப் போகும்போது 83 டிகிரி, திரும்பி வரும்போது 76. இந்த 83, 76 இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பிளேட் முழுத் தீயில் உள்சுற்றிலிருந்து ஏறக்குறைய 20 டிகிரியைக் கறந்துகொண்டு அனுப்பும். இங்கே 7 டிகிரிதான் தாண்டுகிறது. மிச்சச் சூடு போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றி, தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதிக்கப் போகிறது என்று பாய்லர் பயந்து பர்னரை அணைக்கிறது. அணைந்ததும் குழாயில் பச்சைத்தண்ணீர். ஆறியதும் மறுபடி பற்றுகிறது. அந்த அம்மா சொன்ன "மாறி மாறி" இதுதான்.

பிளேட் அடைபடுவது இரண்டு பக்கத்திலிருந்தும் நடக்கும். ரேடியேட்டர் பக்கத்தில் என்றால் அது இரும்புத் துரு. உள்சுற்றில் கருஞ்சேறாகச் சேர்ந்து பிளேட்டின் இடைவெளிகளில் குந்திவிடும். அப்போது குழாயில் ஓட்டம் குறையாது, சூடு மட்டும் ஏறாது. நல்ல தண்ணீர்ப் பக்கத்தில் என்றால் அது சுண்ணாம்புப் படிவு, ஓட்டமும் குறையும். 13-க்கு 7 என்ற கணக்கே எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டது. இருந்தாலும் உள்சுற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து, அடியில் காந்தத்தை நகர்த்திப் பார்த்தேன். லேசான பழுப்பு நிறம். காந்தத்தின் பின்னால் ஓடும் கருந்தூள் இல்லை. கருப்பாக வந்திருந்தால் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு வருவது வீண். முழுச் சுற்றையும் கழுவி, துருத் தடுப்பு மருந்து ஊற்றி, காந்த வடிகட்டியும் போட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் புதிய பிளேட்டும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

லண்டன் தண்ணீரைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; கெட்டிலின் அடியைப் பார்த்தால் போதும். தேம்ஸ், லீ ஆறுகளும் நிலத்தடி நீரும் சுண்ணப்பாறைப் பகுதிகளின் ஊடாக வருகின்றன. லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கும் மேல் கடினத்தன்மை இருப்பது பல இடங்களில் சாதாரணம். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கரையாத கார்பனேட்டாக மாறிப் படியும். 60 டிகிரிக்கு மேல் போனால் படிவது வேகமெடுக்கும்.

இந்த வீட்டில் வெந்நீரை 60-க்கே வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். லீஜியனெல்லா கிருமி வராமல் இருக்க 60 வேண்டும் என்று எங்கோ படித்தாராம் வீட்டுக்காரர். வெந்நீரைத் தொட்டியில் சேமித்து வைக்கும் வீடுகளுக்கு அது சரியான அறிவுரை. தொட்டியில் அந்தச் சூடு இருக்கத்தான் வேண்டும். சேமிப்பே இல்லாத காம்பிக்கு அது பொருந்தாது. போதாக்குறைக்கு, குழாயைத் திறந்த உடனே சூடாக வரவேண்டும் என்று கம்ஃபர்ட் மோடையும் போட்டிருந்தார்கள். யாரும் குழாயைத் திறக்காத நேரத்திலும் பிளேட் உள்ளே வெந்துகொண்டே இருந்திருக்கிறது.

இனி மூடியைக் கழற்றும் வேலை. இங்கே ஒரு எச்சரிக்கை. 1998-ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி பிரிட்டனில் எரிவாயு வேலையைத் தகுதி பெற்றவர்தான் செய்யலாம். 2009 ஏப்ரல் 1 முதல் அவர்களுக்கான பதிவேடு கேஸ் சேஃப் ரெஜிஸ்டர். அதற்கு முன் கோர்கி. இந்த வகைப் பாய்லர்களில் பலவற்றில் முன்மூடியே புகை வெளியே கசியாமல் காக்கும் அடைப்பின் ஒரு பகுதி. அதைக் கழற்றிவிட்டுச் சரியாகப் பொருத்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம். காணொளி பார்த்துச் செய்யும் வேலையல்ல. வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டு என்பது அங்கேதான் இருக்கும். கேஸ் வாடை வந்தால் எதையும் யோசிக்காமல் 0800 111 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

பிளேட்டைக் கழற்றிக் கையில் எடுத்தபோதே கனம் தெரிந்தது. இடது கையில் பழையது, வலது கையில் பெட்டியிலிருந்து எடுத்த புதியது. அளவு ஒன்றுதான், பழையது இழுத்தது. செய்தித்தாளை விரித்து அதன் மேல் தட்டினேன். முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள் விழுந்தன. ஒரு சில்லின் மேல் படிவு நீக்கும் அமிலத்தைச் சொட்டவிட்டதும் நுரைத்துக் கரைந்தது. பிள்ளைகள் இரண்டும் இன்னொரு சொட்டு விடச் சொல்லி நின்றார்கள். "உதைத்தானே நாங்கள் குடிக்கிறம்?" என்றார் அம்மா. உண்மைதான், குடிப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை.

அமிலம் ஊற்றிப் பழைய பிளேட்டையே சுத்தம் செய்யலாமே என்று கேட்பார்கள். படிவு மெல்லியதாக இருக்கும்போது செய்யலாம். சில வழிகள் முழுக்க அடைந்துவிட்டால் அமிலம் திறந்திருக்கும் வழியாகவே ஓடிவிடும். அடைந்தது அடைந்தபடியே இருக்கும். இதை மாற்றுவதுதான் சரி. ஒரு பிளேட், அதன் ரப்பர் வளையங்கள், கூலி எல்லாம் சேர்த்தும் புது பாய்லர் விலையில் சிறு பங்குதான்.

மாட்டி முடித்து, வெந்நீரை 50-க்குக் குறைத்து, கம்ஃபர்ட் மோடை அணைத்துவிட்டு அளந்தேன். முழுக்கத் திறந்தால் நிமிடத்துக்கு 9 லிட்டர், 45 டிகிரி. சற்றுக் குறைத்து 8 லிட்டருக்குக் கொண்டுவந்ததும் 50. ஏற்ற இறக்கம் போய்விட்டது. மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். 24 கிலோவாட்டுக்கு வரவேண்டியது அத்தனையும் வந்துவிட்டது.

வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. நான் மட்டும் சாயந்தரம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அம்மா சொன்னதில் பாதிதான் தீர்ந்திருந்தது.

மாலைக் கோளாறு

இருட்டிய பிறகு போனேன். குழாயைத் திறந்தால் 34 டிகிரி. எவ்வளவு நேரம் விட்டாலும் 34. காலையில் 50 கொடுத்த அதே பாய்லர், அதே குழாய்.

பாய்லருக்கு அடியில் வெந்நீர் வெளியேறும் பைப்பில் வெப்பமானியைக் கவ்வவிட்டேன். 50. அதாவது பாய்லர் சொன்னபடி செய்கிறது. அங்கிருந்து குழாய்க்கு வருவதற்குள், சமையலறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குள், 16 டிகிரி காணாமல் போகிறது. பைப் வழியில் குளிர்ந்தால் இவ்வளவு போகாது.

குவளையில் பிடித்தேன்: நிமிடத்துக்கு 10 லிட்டர். பாய்லரின் பரிசோதனைத் திரையில் ஃப்ளோ சென்சார் காட்டியது 6.3. குழாயில் 10 லிட்டர் விழுகிறது, பாய்லர் வழியாகப் போனது 6.3 தான் என்றால், மீதி 3.7 லிட்டர் பாய்லரைத் தொடாமலே வருகிறது. 6.3 லிட்டர் 50 டிகிரியும், 3.7 லிட்டர் 7 டிகிரியும் கலந்தால் 34. கணக்கு நேராக வந்தது. ஒரு பாகத்தையும் கழற்றாமலே, இந்தக் கோளாறு பாய்லரில் இல்லை என்று தெரிந்துவிட்டது. இந்த நிலையில் புது பாய்லர் போட்டிருந்தாலும் மாலையில் இதே 34 தான் வந்திருக்கும்.

பச்சைத்தண்ணீர் எங்கே நுழைகிறது? இரண்டு தண்ணீரும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் நுழைய முடியும்: மிக்ஸர் குழாய்கள், ஷவர் வால்வு. காம்பி உள்ள வீட்டில் இரண்டும் மெயின் பிரஷரில்தான் வருகின்றன. ஆனால் வெந்நீர் பாய்லரின் நெருக்கடியான வழிகளைத் தாண்டி வருவதால், ஓடும்போது அதன் பிரஷர் பச்சைத்தண்ணீரை விடக் குறைந்துவிடும். நடுவில் ஒரு திறப்பு கிடைத்தால் பச்சைத்தண்ணீர் வெந்நீர் பைப்புக்குள் தள்ளிக்கொண்டு போகும்.

இதைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு; வீட்டில் இருப்பவரே செய்யலாம், மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. பாய்லருக்கு அடியில் பச்சைத்தண்ணீர் உள்ளே போகும் பைப்பில் ஒரு சிறு வால்வு இருக்கும். அதை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறக்க வேண்டும். பைப்பில் மிஞ்சியது கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். வெந்நீருக்கு வேறு வழியே இல்லையே. நிற்காமல் ஓடினால், அது எங்கிருந்தோ குறுக்கே வரும் பச்சைத்தண்ணீர்.

மூடினேன். திறந்தேன். தாராளமாக ஓடியது, சில்லென்று.

நான் முதலில் சந்தேகப்பட்டது மாடி ஷவரைத்தான். தெர்மோஸ்டாட் ஷவர் வால்வுகளுக்குள் தண்ணீர் எதிர்த்திசையில் போகாமல் தடுக்கும் சிறு வால்வுகள் இருக்கும்; அழுக்கோ படிவோ சிக்கினால் அவை மூடாது. மேலே போகலாம் என்று கிளம்பும்போது யாரோ பின்னால் இருந்த கழிப்பறையில் ஃப்ளஷ் செய்தார்கள். பாய்லருக்கு அடியில் மூடிய வால்வை அதற்குள் நான் திறந்துவிட்டிருந்தேன். ஃப்ளஷ் சத்தத்தோடு சேர்ந்து பாய்லரும் பற்றியது. வீட்டில் ஒரு வெந்நீர்க் குழாயும் திறந்திருக்கவில்லை.

"உது எப்பவும் அப்பிடித்தான்" என்றார் வீட்டுக்காரர்.

அப்படி இருக்கக்கூடாது. ஃப்ளஷ் தொட்டி நிரம்பும்போது அதற்குப் போகும் பச்சைத்தண்ணீரின் பிரஷர் அந்த இடத்தில் இறங்கும். அப்போது வெந்நீர் குறுக்கே பாய்ந்து தொட்டிக்குள் போகிறது. ஓட்டத்தைக் கண்ட சென்சார் பாய்லரைப் பற்றவைக்கிறது. கழிப்பறைத் தொட்டியை எரிவாயுவால் சூடாக்கி நிரப்பிக்கொண்டிருந்தார்கள், எத்தனை மாதமோ.

கழிப்பறைக்குள் போனதும் தெரிந்துவிட்டது. இருக்கைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மிக்ஸர். அதிலிருந்து வளையும் பைப். நுனியில் கையால் அமுக்கும் ஸ்பிரே. நம்மவர் வீடுகளில் கால் கழுவ, அடி கழுவ என்று வைத்துக்கொள்வதுதான். அம்மாவுக்குப் பச்சைத்தண்ணீர் குளிருமே என்று மகன் வெந்நீரையும் இணைத்து, கைப்பிடி நடுவில் நிற்கும் மிக்ஸராகப் பார்த்து வாங்கி, தானே பொருத்தியிருக்கிறார். பாசத்தில் செய்த வேலை.

மிக்ஸரின் கைப்பிடி மேலே தூக்கியபடி, நடுவில், திறந்தே இருந்தது. நுனியில் விசையை விட்டால் தண்ணீர் நின்றுவிடுகிறதே, அப்புறம் யார் கைப்பிடியை மூடுவார்கள்? ஸ்பிரே மூடியிருக்க, மிக்ஸர் திறந்திருக்க, வெந்நீர் பைப்பும் பச்சைத்தண்ணீர் பைப்பும் அந்தச் சுவரில் கைகுலுக்கிக்கொண்டு நின்றன. உள்ளே எதிர்த்தடை வால்வு எதுவும் இல்லை.

கைப்பிடியை இறக்கி மூடினேன். சமையலறைக்குப் போய் மறுபடி அந்த வால்வை மூடும் சோதனை. சொட்டிவிட்டு நின்றது. இதனால் மாடி ஷவரும் மற்ற மிக்ஸர்களும் குற்றமற்றவை என்பதும் கூடவே உறுதியானது. வேறு எங்காவது கலப்பு இருந்தால் ஓட்டம் நின்றிருக்காது. வால்வைத் திறந்து, குழாயை 8 லிட்டரில் வைத்து அளந்தேன். 50.

ஏன் மாலையில் மட்டும்? அம்மா இரவு படுக்கப் போகும்முன் வீடு முழுக்கச் சுற்றி எல்லாக் குழாயையும் இறுக்கி மூடுவாராம், ஊரிலிருந்தே வந்த பழக்கம். அதனால் காலையில் கலப்பு இல்லை. பிளேட் கோளாறு மட்டும் தெரிந்தது. பகலில் அவரும் பிள்ளைகளும் கழிப்பறைக்குப் போய்வர, யாராவது ஒருவர் கைப்பிடியைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள். அதிலிருந்து இரவு வரை வெதுவெதுப்பு. முன்பு வந்தவர்கள் எந்த நேரத்தில் வந்தார்களோ, அந்த நேரத்துக் கோளாறுதான் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

ஸ்பிரேயை என்ன செய்வது

கைப்பிடியை மூடிவையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எதிர்த்தடை வால்வு இரண்டைப் போட்டாலும் கலப்பு நின்றுவிடும். ஆனால் சூட்டை விடப் பெரிய சிக்கல் ஒன்று அங்கே இருந்தது. 1999-ஆம் ஆண்டின் நீர்ப் பொருத்துகள் விதிகள், குடிநீரில் எது கலந்தால் எவ்வளவு ஆபத்து என்று ஐந்து வகை பிரிக்கின்றன. மலம் கலக்க வாய்ப்புள்ளது ஐந்தாம் வகை, ஆகக் கொடியது. கழிப்பறைக் கிண்ணத்துக்குள் தொங்கக்கூடிய ஸ்பிரே அந்த வகையில்தான் வருகிறது. தெருவில் மெயின் பைப் உடைந்து பிரஷர் இறங்கும் நேரத்தில், கிண்ணத்தில் கிடக்கும் ஸ்பிரே வழியாக அழுக்குத் தண்ணீர் குடிநீர்ப் பைப்புக்குள் உறிஞ்சப்படலாம். இதற்கு எதிர்த்தடை வால்வு போதாது. மெயினுக்கும் ஸ்பிரேக்கும் நடுவே காற்று இடைவெளி வேண்டும். அதாவது தனியாக ஒரு சிறு தொட்டி, அதிலிருந்து பம்ப். கடையில் ஸ்பிரே விற்பதற்குத் தடை இல்லை. அதை மெயினோடு நேராக இணைப்பதற்குத்தான் தடை. வாங்கும்போது பெட்டியின் மேல் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பாய்லரையும் வெந்நீர் வசதியையும் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கோளாறு குடியிருப்பவர் தானே மாட்டிய ஸ்பிரேயிலிருந்து வந்தது என்றால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

இவர்களுக்குச் சொந்த வீடு. விளக்கிச் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. சீலிங்குக்கு மேலே தொட்டி வைக்க இடமிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தார். அம்மா கேட்டார்: "அப்ப இனிச் செம்புதானே?" ஆமாம் என்றேன். "அதைத்தான் நான் முதலே சொன்னனான். உவன்தான் கேக்கேல்லை." இரண்டு பைப்பையும் பிரிந்து வரும் இடத்திலேயே வெட்டி அடைத்தேன். தொட்டியும் பம்பும் வைப்பதா, அங்கீகாரம் பெற்ற கழுவும் இருக்கையாகப் பார்த்து வாங்குவதா என்பதை அவர்கள் பிறகு முடிவு செய்துகொள்ளட்டும்.

கிளம்பும்முன் வீட்டுக்காரர் இன்னொன்று கேட்டார்: பைப்பில் சுற்றி வைக்கும் காந்தக் கருவி வாங்கினால் படிவு நிற்குமா? அந்தக் கருவிகளின் விளம்பரத்தை நம்பி நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உப்புப் போட்டு இயங்கும் சாஃப்ட்னர் உண்மையிலேயே கால்சியத்தை நீக்கும். ஆனால் அதற்கு இடம் வேண்டும், அடிக்கடி உப்பு வாங்கிப் போட வேண்டும், குடிக்க ஒரு குழாயைச் சாஃப்ட்னரில் சேர்க்காமல் தனியாக விட வேண்டும், பாய்லர் கம்பெனி அதற்கு ஒப்புகிறதா என்று கையேட்டையும் பார்க்க வேண்டும். அந்த வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அரிசி மூட்டையும் வெங்காயக் கூடையும் போக இடமில்லை. இப்போதைக்கு 50 டிகிரியும் கம்ஃபர்ட் மோடை அணைத்து வைப்பதுமே போதும் என்றேன்.

பாய்லர் மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் அன்றைய அளவுகளை எழுதிவிட்டு வந்தேன்: பச்சை 13, வெந்நீர் 9, சூடு 45, உள்ளே வரும் தண்ணீர் 7. அடுத்த ஜனவரியில் சர்வீஸுக்கு யார் வந்தாலும் அந்த 9 எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், பிளேட்டுக்குள் எவ்வளவு படிந்திருக்கிறது என்று கழற்றாமலே தெரிந்துவிடும். 8-க்கு வந்திருந்தால் அமிலக் கழுவலுக்கு அதுதான் நேரம். 7 வரை விட்டால் மறுபடி பிளேட்தான்.